அந்திக்கிறிஸ்து குறட்டை விடுவானா?

"என்னாங்க, பையனைப் பத்தி விசாரிச்சீங்களா?" என்று கேட்டபடி காவேரி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

பச்சியப்பன் அதை வாங்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். பொம்மிடியிலிருந்து தருமபுரி, தருமபுரியிலிருந்து பென்னாகரம் என்று பஸ் மாறி வந்தவருக்குக் களைப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் அவர் முகத்தில் இருந்தது களைப்பு இல்லை.

"விசாரிச்சேன்."

"என்ன சொன்னாங்க?"

"நல்ல பையன்னு சொன்னாங்க."

"அப்புறம் ஏனுங்க மூஞ்சியை இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க?"

"எல்லாருமே நல்ல பையன்னு சொன்னாங்கடி."

காவேரி சொம்பைத் தரையில் வைத்தாள்.

"நல்லதுதானுங்களே?"

"என்னா நல்லது? டீக்கடைக்காரம்மா, தங்கமான பையன்னு சொல்லுது. சைக்கிள் கடைக்காரன், தங்கமான பையன்னு சொல்றான். வூட்டு ஓனரும் அதையேதான் சொல்றாரு. வாடகைக்குக் குடியிருக்கறவனை வூட்டு ஓனரே தங்கம்னு சொல்லி நீ எங்கயாச்சும் கேட்டிருக்கியா?"

காவேரி யோசித்துப் பார்த்தாள். கேட்டதில்லைதான்.

"அதுமட்டுமில்ல," என்று பச்சியப்பன் குரலைத் தாழ்த்தினார். "மூணு பேரும் ஒரே மாதிரி நீலக் கண்ணாடி போட்டிருந்தாங்க."

"கூலிங் கிளாஸுங்களா?"

"இல்லடி. பவர் கண்ணாடிதான். பிரேம் நீலம். மூணு பேருக்கும் ஒரே நீலம்."

"அதுக்கு என்னாங்க?"

"அந்திக்கிறிஸ்துவோட ஆளுங்களுக்கு நெத்தியில முத்திரை இருக்கும்னு கன்வென்ஷன்ல பிரசங்கியாரு சொன்னாரே, மறந்துட்டியா? கண்ணாடி நெத்திக்குக் கொஞ்சம் கீழதான இருக்குது?"

சமையலறையில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்த மகள் ஜாஸ்மின் கையிலிருந்து மூடி நழுவித் தரையில் உருண்டது.

விஷயம் இதுதான். பச்சியப்பன் ஒகேனக்கல் ரோட்டில் மாவு மில் வைத்திருப்பவர். சுற்றுவட்டார ராகி முழுக்க அவர் மில்லில்தான் மாவாகும். போன மாதம் வரைக்கும் யாரையும் சந்தேகப்படத் தெரியாத மனுஷன். போன மாதம்தான் சபையில் கன்வென்ஷன் கூட்டம் நடந்தது. கர்நாடகா எல்லைப் பக்கத்திலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் கடைசிக் காலத்தைப் பற்றியும், அப்போது கிறிஸ்துவுக்கு எதிராளியாக வரப்போகிறவனைப் பற்றியும் பேசினார். அந்திக்கிறிஸ்து கொம்பும் வாலும் வைத்துக்கொண்டு வரமாட்டான், இஸ்திரி போட்ட சட்டையில்தான் வருவான் என்றார். இனிக்க இனிக்கப் பேசுவான், சண்டைக்காரர்களைச் சேர்த்து வைப்பான், உலகமே ஒரே வாயாக அவனை மெச்சிக்கொள்ளும், அதற்கப்புறம்தான் அவன் யார் என்பது தெரியும் என்றார்.

கேட்ட மற்றவர்கள் எல்லாம் 'ஆமென்' சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். பச்சியப்பன் மட்டும் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு வேதாகமத்தைப் புரட்டினார். அன்றிலிருந்து நல்லவர்களைக் கண்டாலே ஒதுங்கிப் போக ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டர் கேட்காமலே சில்லறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பதற்காக, ஊர் வருவதற்கு முன்பே இறங்கி வெயிலில் நடந்து வந்தார்.

இந்த நேரம் பார்த்தா ஒரு வரன் வரவேண்டும்? வந்தது. பொம்மிடி சபைப் பாஸ்டரம்மா மூலமாக வந்தது. பையன் பேர் திருமால். ஞானஸ்நானம் எடுத்தும் பேரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆதார், பேங்க், சர்டிபிகேட் எல்லாவற்றையும் யார் மாற்றிக்கொண்டு அலைவது என்று விட்டுவிட்டானாம். பச்சியப்பனும் அதே காரணத்துக்காகப் பச்சியப்பனாகவே இருப்பவர் என்பதால் அதில் வாயைத் திறக்க முடியவில்லை. பையன் பொம்மிடியில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியன். சமீபத்தில்தான் அந்த ஊருக்கு வந்தவன். குடி இல்லை, பீடி இல்லை, வரதட்சணையும் வேண்டாமாம்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்னு பாஸ்டரம்மா சொல்லியிருக்காங்க," என்று காவேரி ஞாபகப்படுத்தினாள். "அரூர்ப் பக்கம் இன்னொரு பொண்ணு வேற அவுங்களுக்குப் பாத்து வெச்சிருக்காங்களாம். ஏற்கெனவே நம்மளுக்கு ரெண்டு வரன் கைநழுவிப் போச்சுங்க. இதையும் வுட்டுறாதீங்க."

பச்சியப்பன் எழுந்து பாஸ்டரைப் பார்க்கப் போனார்.

பாஸ்டர் கிருஷ்ணப்பன் சபை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எதற்கும் பதறாத மனிதர். பிரசங்கத்தின் நடுவே கரண்ட் போனால்கூட அடுத்த வார்த்தையிலிருந்து தொடருவார்.

"ஸ்தோத்திரம் ஐயா. குறையே இல்லாத மனுஷன் உண்டுங்களா?"

"ஒருத்தர்தான் பிரதர் இருந்தாரு. அவரு பரலோகத்துல இருக்காரு."

"இல்லீங்க, பூமியில ஒருத்தன் குறையே இல்லாம இருந்தா?"

"நடிக்கிறான்னு அர்த்தம்," என்று பாஸ்டர் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

பச்சியப்பன் நாற்காலிக்கு இன்னும் கிட்டே வந்தார். "அந்திக்கிறிஸ்து பொம்மிடிக்கெல்லாம் வருவானுங்களா ஐயா?"

"ரயில் நிக்கிற ஊரு பிரதர். யாரு வேணா வரலாம்."

பாஸ்டர் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் விளையாட்டைப் புரிந்துகொள்ளும் நிலையிலா இருந்தார் நம்முடைய ஆள்? வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தார். யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. பையனிடம் ஒரே ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். குறை இருந்தால் அவன் மனுஷன். மனுஷனுக்குப் பெண் கொடுப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

மறுநாளே பையனைத் தனியாக மில்லுக்கு வரச் சொன்னார். கையோடு இன்னொரு வேலையும் செய்தார். கண்ணம்மாளையும் மணிமேகலையையும் அதே நேரத்துக்கு மாவு வாங்க வரச் சொல்லிவிட்டார்.

கண்ணம்மாளும் மணிமேகலையும் ஒரே தெருதான். போன தைப்பொங்கலிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. மணிமேகலை மிளகாய் அரைத்துக்கொண்டு போன கையோடு கண்ணம்மாள் ராகி அரைத்திருக்கிறாள். அன்றைக்கு அவள் வீட்டில் களி தின்ற அத்தனை பேரும் தண்ணீர்க் குடத்தைச் சுற்றி ஓடியிருக்கிறார்கள். மணிமேகலை வேண்டுமென்றே செய்ததாகக் கண்ணம்மாள் ஏச, மணிமேகலை திருப்பி ஏச, அதிலிருந்து ஒருத்தி காலையில் வந்தால் இன்னொருத்தி சாயங்காலம்தான் மில்லுக்கு வருவாள். இந்தச் சண்டைக்கு நடுவில் பையனை மாட்டிவிட்டால் ஒன்று எரிந்து விழுவான், இல்லையென்றால் ஓடிப்போவான். எதைச் செய்தாலும் குறைதான். பச்சியப்பனுக்குத் தன் மூளையை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது.

திருமால் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. பச்சியப்பனுக்கு முதல் அடி அங்கேயே விழுந்தது.

அவனை 'உட்கார்' என்று சொல்லவில்லை. டீ வாங்கித் தரவில்லை. அவனாகவே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்த முகமாக இருந்தான். பச்சியப்பன் மாவைத் தட்டுகிற சாக்கில் கிட்டே போய் அவன் நெற்றியை உற்றுப் பார்த்தார்.

"நெத்தியில என்னாங்க ஐயா?"

"ஒண்ணுமில்ல."

"மாவுங்களா?" என்று துடைத்துக்கொண்டான். துடைத்த இடத்திலும் ஒன்றும் இல்லை.

அதற்குள் கண்ணம்மாள் தூக்குச்சட்டியோடு வந்தாள். பின்னாலேயே மணிமேகலை வந்தாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

"மில்லுக்காரரே, கண்ட கண்டதுங்க வர்ற நேரத்துல எதுக்கு என்னை வரச் சொன்னீங்க?" என்றாள் கண்ணம்மாள்.

"யாரைடி கண்டதுங்கற? களி திங்கத் தெரியாத குடும்பத்துக்கு வாயப் பாரு!" என்றாள் மணிமேகலை.

பச்சியப்பன் மோட்டாரை நிறுத்திவிட்டு ஆவலாகப் பையனைப் பார்த்தார். பையன் எழுந்து வந்தான். எரிந்து விழவில்லை. ஓடவும் இல்லை. "என்னாங்கக்கா ஆச்சு?" என்று கேட்டான். இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னதைத் தலையை ஆட்டி ஆட்டிக் கடைசிவரை கேட்டான். கேட்டுவிட்டு மில்லின் வாயைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அக்கா, உங்க ரெண்டு பேரு மேலயும் தப்பே இல்லீங்க. மிளகா அரைச்சா அடுத்தவங்களுக்குப் போடறதுக்கு முன்னாடி கல்லைச் சுத்தம் பண்ணணுங்க. அதைப் பண்ணாம வுட்டது மில்லுக்காரருதான்."

கண்ணம்மாள் மணிமேகலையைப் பார்த்தாள். மணிமேகலை கண்ணம்மாளைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பச்சியப்பனைப் பார்த்தார்கள்.

"அடப்பாவி மனுஷா! இத்தினி மாசமா எங்க ரெண்டு பேரையும் அடிச்சுக்க வுட்டு வேடிக்கை பாத்துக்கிட்டா இருந்த?"

"நான் எங்கம்மா..."

"பேசாதய்யா! என் வூட்டுக்காரரு ரெண்டு நாளு வேலைக்குப் போவல தெரியுமா?"

"ஆமாங்கக்கா, எனக்கும் இவரு மேல அப்பவே ஒரு சந்தேகம்," என்று மணிமேகலை கண்ணம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திட்ட வேண்டியதை எல்லாம் திட்டி முடித்துவிட்டு இரண்டு பேரும் ஒன்றாகத் தெருவில் இறங்கினார்கள். போகிற போக்கில் கண்ணம்மாள் திரும்பிப் பையனைப் பார்த்து, "தங்கமான பையன்!" என்றாள்.

பச்சியப்பன் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். சண்டைக்காரர்களைச் சேர்த்து வைப்பான். சேர்த்து வைத்துவிட்டான். விசுவாசிகளுக்கு விரோதமாக அவர்களைக் கிளப்பிவிடுவான். அதையும் செய்துவிட்டான். எல்லாம் அவருடைய சொந்த மில்லில், அவர் கண்ணெதிரே நடந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க ஐயா," என்றான் திருமால். "கல்லு துடைக்கிறதுக்கு நானே ஒரு பிரஷ் செஞ்சு கொண்டாந்து தர்றேன்." போவதற்கு முன்னால், மூன்று மாதமாகக் கரகரவென்று கத்திக்கொண்டிருந்த மோட்டாரையும் சரிசெய்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் பச்சியப்பன் முடிவைச் சொல்லிவிட்டார். "இந்த இடம் வேண்டாம்."

காவேரிக்குக் கோபம் தலைக்கேறியது. "குறை இருந்தா வேண்டாம்பாங்க. குறையே இல்லாததால வேண்டாம்னு சொல்ற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தருதான். இப்படியே போனா பொண்ணு வூட்டுலயே கெடக்க வேண்டியதுதான்!"

"எனக்கு மட்டும் ஆசை இல்லையாடி? ஒரே பொண்ணு. தெரியாத்தனமா யாருகிட்டயோ புடிச்சுக் குடுத்துட்டு அப்புறம் அழுது என்னா பண்றது? எனக்குப் பயமா இருக்குது காவேரி." அவர் குரல் உடைந்துவிட்டது. காவேரிக்கும் அதற்குமேல் திட்ட மனசு வரவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜாஸ்மின் வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். தருமபுரியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். பாதி நாள் ஊர் ஊராக இலவசக் கண்ணாடி முகாம் என்று போய்விடுவாள். அதிர்ந்து பேசத் தெரியாத பெண்.

"அப்பா, அவருகிட்ட ஒரு குறை இருந்தா ஒத்துக்குவீங்களா?"

"ஒண்ணு இருந்தா போதும்மா."

"பெருசா இருக்கணுமா, சின்னதே போதுமா?"

"மனுஷனுக்கு இருக்கற அளவு இருந்தா போதும்."

"அப்ப இன்னொரு தடவை போய்க் கேட்டுட்டு வாங்கப்பா. போன தடவை நீங்க பையன் எப்படின்னுதான கேட்டிருப்பீங்க? இந்தத் தடவை, என்னா குறைன்னே நேரா கேளுங்க. அந்த ஸ்டேஷன் டீக்கடையிலயே கேளுங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. யாரிடம் போய்க் குறையைக் கேட்டாலும் சொல்லத்தானே செய்வார்கள்?

"என்னைக்குப் போறீங்க?"

"நாளைக்கே போறேன்."

"காலையில மொத பஸ்ஸாப்பா?"

"ஆமாம்மா."

"சரிப்பா," என்று எழுந்து போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது.

பொம்மிடி ஸ்டேஷன் வாசலில் சின்னக்கா டீக்கடை. சின்னக்கா பாய்லருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். சைக்கிள் கடை வீரமணி பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். வீட்டு ஓனர் காளி பன் தின்றுகொண்டிருந்தார். மூன்று பேர் மூக்கிலும் அதே நீலக் கண்ணாடி. பச்சியப்பன் மனதுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டே போய் நின்றார்.

"அம்மா, அன்னைக்கு வந்து கேட்டேனே, அந்தத் திருமாலு. அவருகிட்ட ஏதாச்சும் குறை உண்டுங்களா? மறைக்காம சொல்லுங்க."

சின்னக்கா பாலை ஆற்றிக்கொண்டே ஓட்டுக் கூரையைப் பார்த்தாள். "குறைங்களா? ஆங், இருக்குதுங்க. குறட்டை விடுவாருங்க."

பச்சியப்பனுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "நெசமாவா?"

"ரயிலு ஹாரன் அடிச்சாலும் கேக்காதுங்க. அவ்ளோ சத்தம்."

"கிரிக்கெட்ல அவுட்டானா ஒத்துக்கவே மாட்டாரு," என்று வீரமணி பேப்பரை மடித்தான். "பேட்டைக் கீழ வெக்காம அங்கயே நின்னுக்கிட்டு அழும்பு பண்ணுவாருங்க."

"அப்படிப் போடுங்க!" என்றார் பச்சியப்பன். கண் கலங்கிவிட்டது. "இன்னும்?"

காளிக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பன்னைக் கீழே வைத்தார். "போன வருஷம் ஒருத்தன் மண்டையை உடைச்சுட்டு ஜெயிலுக்குப் போயி..."

"அண்ணா!" என்று சின்னக்கா டம்ளரை 'ணங்'கென்று வைத்தாள். "அது வேற திருமாலு. போன வருஷம் இவரு இந்த ஊருக்கே வரல."

"ஆமாமா, அது வேற," என்று காளி அவசரமாகப் பன்னை எடுத்துக்கொண்டார். "இவரு ஜெபத்துல தூங்குவாரு. அவ்வளவுதான்."

"ஜெபத்துலயா?" பச்சியப்பன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நானும் தூங்குவேனுங்க!"

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதே பாஸ்டர் கிருஷ்ணப்பனுக்குப் போன் போட்டார்.

"ஐயா, ஒரே ஒரு சந்தேகம். அந்திக்கிறிஸ்து குறட்டை விடுவானுங்களா?"

அந்தப் பக்கம் கடலை உரிக்கிற சத்தம் கேட்டது.

"குறட்டை வுடணும்னா தூங்கணுமே பிரதர்? உலகத்தையே ஏமாத்தற வேலையை வெச்சுக்கிட்டு அவன் எங்க தூங்கறது?"

பச்சியப்பனுக்கு அத்தோடு எல்லாப் பாரமும் இறங்கிவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர், "சில்லறை இல்லாம எதுக்கய்யா ஏறுறீங்க?" என்று வள்ளென்று விழுந்தார். இவ்வளவு நல்ல மனுஷனைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று பச்சியப்பனுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே பாஸ்டரம்மாவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். காவேரி கேசரி கிண்டினாள்.

நிச்சயதார்த்தம் பொம்மிடி சபையில் நடந்தது. பென்னாகரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஜனம் வந்திருந்தது. கண்ணம்மாளும் மணிமேகலையும் ஒரே கலர்ப் புடவையில் வந்து ஒன்றாக உட்கார்ந்து பச்சியப்பனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பச்சியப்பன் பொருட்படுத்தவில்லை. பாஸ்டர் கிருஷ்ணப்பன் நீண்ட ஜெபம் பண்ணினார். ஜெபத்தின் நடுவில் பச்சியப்பன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தபோது மாப்பிள்ளையின் தலை லேசாகச் சாய்ந்திருந்தது. தூங்குகிறான் என்று நினைத்து மனதாரச் சந்தோஷப்பட்டார்.

ஜெபம் முடிந்ததும் டீ வந்தது. டீக்கு ஏற்பாடு வேறு யாரிடம் கொடுப்பார்? பச்சியப்பன் தேடிப்போய்ச் சின்னக்காவிடம்தான் கொடுத்திருந்தார். அவள் கேனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தாள். பட்டுப் புடவையில் எதிரே வந்த ஜாஸ்மின், ஒரு பக்கம் இறங்கியிருந்த அவள் நீலக் கண்ணாடியைக் கழற்றிக் காதுக்கம்பியை லேசாக வளைத்துத் திரும்பவும் மாட்டிவிட்டு, "இப்ப சரியா இருக்குதாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கல்யாணப் பெண் ஆனாலும் ஆஸ்பத்திரிப் பழக்கம் போகவில்லை பார் என்று பச்சியப்பன் சிரித்துக்கொண்டார்.

சின்னக்கா அவரிடம் வந்து டம்ளரை நீட்டினாள்.

"உங்களுக்குத்தாம்மா நன்றி சொல்லணும்," என்றார் பச்சியப்பன். "நீங்க மட்டும் அந்தக் குறட்டையைச் சொல்லலைன்னா இன்னைக்கு இந்தக் கல்யாணமே இல்ல. அதோ பாருங்க, உங்க குறட்டைக்காரரு எப்படி உக்காந்திருக்காருன்னு!"

சின்னக்கா கேனைக் கீழே வைத்தாள். கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, மேடையில் இருந்தவனை நிதானமாக, ஆசையாகப் பார்த்தாள்.

"ஓ, உங்க பாப்பா ரெண்டு வாட்டியும் போன்ல சொல்லிக் குடுத்த ஆளு இவருதானுங்களா? நான் இன்னிக்குத்தானுங்க மொதமொதல்ல பாக்கறேன்!"